உட்காராமல் இருநூற்றுப் பன்னிரண்டு படி

மலைக்கோபுரத்தின் சரக்கு லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. உள்ளே நான் இருந்தேன்.

இதை வேறு யாராவது சொன்னால் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வார்கள். முக்கியமாக என் மச்சினன். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற லிஃப்ட் இன்ஸ்பெக்டர். முப்பத்தாறு வருஷம், என் கையெழுத்து இல்லாமல் இந்த வட்டாரத்தில் ஒரு லிஃப்டும் அசைந்ததில்லை. நான் குடியிருப்பது மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். எனக்கு வேலை இருக்கிறது.

மூன்றாவது மாடி நல்ல உயரம். பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தலைகளாகத் தெரியும். வழுக்கைத் தலை, சாயம் அடித்த தலை, தொப்பி போட்டு மறைத்த தலை. மனிதர்களை அந்தக் கோணத்தில் பார்த்தால்தான் அவர்களைப் பற்றிச் சரியான அபிப்பிராயம் வரும். ஏழு மாதமாக நான் அவர்களை அந்தக் கோணத்தில் மட்டும்தான் பார்க்கிறேன். கீழே இறங்குவதில்லை.

இறங்கலாம். திரும்ப ஏற வேண்டுமே.

கீழ்வீட்டில் இருந்த தையற்காரர் காலி செய்தார். அன்றைக்கே என் மனைவி ஆரம்பித்தாள்.

"ஏங்க, கீழ்வீடு காலியாயிடுச்சு."

"ஆகட்டும்."

"வீட்டுக்காரர் நமக்கே தர்றேங்கிறார். திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"வேண்டாம்னு இன்னைக்கே சொல்லிடு. பாவம், அவரை எதுக்குத் திங்கக்கிழமை வரைக்கும் காக்க வைக்கிற?"

"உங்க முட்டிக்காகத்தான் சொல்றேன்."

"என் முட்டிக்கு என்ன வந்தது?"

"கடைசியா நீங்க எப்பக் கீழ போனீங்க? ஏழு மாசம் முன்னாடி. குப்பை கொட்ட. திரும்பி வர நாப்பது நிமிஷம்."

"ரெண்டாவது மாடியில மின்சார மீட்டரைப் பரிசோதிச்சுக்கிட்டிருந்தேன்."

"உக்காந்துக்கிட்டா?"

"மீட்டர் தாழ்வா இருக்கு."

"மீட்டர் என் தலைக்கு மேல இருக்குங்க."

பேப்பரை விரித்துக்கொண்டேன்.

"தரைத்தளத்துல மனுஷன் இருப்பானா?" என்றேன் பேப்பருக்குள்ளிருந்து. "ஜன்னலைத் தொறந்தா போறவன் வர்றவன் எல்லாம் எட்டிப் பார்ப்பான். என்ன சார், சௌக்கியமாம்பான்."

"கேட்டா என்ன குறைஞ்சு போச்சு?"

"பதில் சொல்லணுமே!"

"அதுக்குத்தாங்க சொல்றேன். நாலு பேர்கிட்டப் பேசுங்க. ஏழு மாசமா என் ஒருத்திகிட்டயே பேசறீங்க. தட்டு முன்னாடி உக்காந்தா லிஃப்ட். கை கழுவும்போது லிஃப்ட். என் காது என்ன, குடோனா?"

முப்பத்தாறு வருஷ அனுபவத்தை இலவசமாகக் கொடுத்தால் இப்படித்தான். விட்டேன்.

சனிக்கிழமை என் மச்சினன் வந்தான். மனைவிக்குத் தம்பி. ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார். வாயைத் திறந்தால் வருஷக் கணக்காகக் கொட்டும். நான் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் கல்வெட்டு. நிஜக் கல்வெட்டு ஒருவகையில் தேவலை. அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடலாம்.

"அக்கா, நாளைக்கு மலைக்கோபுரம் போலாமா? நூத்தி நாப்பது வருஷத்துக் கோபுரம். காட்டுத்தீ எங்க பிடிக்குதுன்னு பார்க்கக் கட்டினது. அப்ப மேல ரெண்டு பேர் குடியிருப்பாங்க. புகை தெரிஞ்சா கண்ணாடியில வெயிலைத் திருப்பி அடிவாரத்துக்குச் சைகை காட்டுவாங்க. உச்சியிலேருந்து மூணு பள்ளத்தாக்கு, ரெண்டு ஏரி தெரியும்."

"எத்தனை படி?" என்றாள் என் மனைவி. கேள்வி அவனுக்கு. பார்வை எனக்கு.

"இருநூத்திப் பன்னிரண்டு."

"ஏங்க, உங்க முட்டிக்குத்தான் ஒண்ணுமில்லையே. உக்காராம மேல வந்து காட்டுங்க. கீழ்வீட்டுப் பேச்சை அதோட விட்டுடறேன். சாகற வரைக்கும் மூணாவது மாடியிலேயே இருங்க. நடுவுல உக்காந்தீங்கன்னா திங்கக்கிழமை சாமான் கீழ இறங்கும். நீங்களும் இறங்கணும்."

'முடியாது' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லும் முன் ஒன்று ஞாபகம் வந்தது.

அந்தக் கோபுரத்துக்குள் ஒரு லிஃப்ட் இருக்கிறது.

பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் உச்சிக்கு விறகும் எண்ணெயும் இழுத்த பொந்து. உச்சியில் ஒரு டீக்கடை வந்தபோது, அந்தப் பொந்துக்குள் சரக்கு லிஃப்ட் போட்டார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன் அதைப் பரிசோதித்தவன் நான். நாற்பதாவது படியில் ஒரு கதவு. உச்சிக்குப் பத்துப் படி முன்னால் இன்னொரு கதவு. இரண்டுக்கும் ஒரே முக்கோணச் சாவி. இன்ஸ்பெக்டர்களிடம் மட்டும் இருக்கும் சாவி. ஓய்வு பெறும்போது அதைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"சரி" என்றேன். கம்பீரமாக. "உட்காராம உச்சிக்கு வர்றேன். டேய் கல்வெட்டு, நோட்டுல எழுதிக்கோ."

அவன் உடனே எழுதிக்கொண்டான். பையில் எப்போதும் நோட்டு இருக்கும்.

என் மனைவி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பழுதான லிஃப்டைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வையை நான் கவனித்திருக்க வேண்டும். சாவி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்ற யோசனையில் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். எங்கள் வீட்டுப் படியில் இறங்கும்போது இரண்டு இடத்தில் நின்று சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. என் மனைவி கேன்வாஸ் ஷூ போட்டிருந்தாள். புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. "ஓட்டப் பந்தயமா?" என்றேன். "கல்லு குத்தும்" என்றாள்.

மலைப்பாதையில் பத்தொன்பது வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் கல்வெட்டு ஒரு வருஷம் சொன்னான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதை மூட முடியவில்லை.

கோபுரம் நான் விட்டுப் போன இடத்திலேயே இருந்தது. கறுப்புக் கல், சதுரம், அழகு ஒன்றும் கிடையாது. அதன் முன்னால் ஒரு கூட்டம். கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களையே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதை வீட்டுக் குளியலறையில் செய்திருந்தால் பெட்ரோல் மிச்சம்.

வாசலில் காவலாளி. கழுத்தில் ஆறு சுற்று மப்ளர். மூக்கு மட்டும் வெளியே. இனி அவன் பெயர் மப்ளர்.

"மெதுவா ஏறுங்க சார். எழுபதாவது படியில பெரியவங்க உக்கார ஒரு பெஞ்சு இருக்கு" என்றான்.

"யாருய்யா பெரியவங்க?" என்றேன்.

பந்தய ஏற்பாடு இதுதான். கல்வெட்டு முதலில் போய் உச்சியில் சாட்சியாக நிற்பான். என் மனைவி அடியில் நிற்பாள். நான் கிளம்பும் நேரத்தைப் பார்ப்பாள். நடுவில் யாரும் இல்லை. இப்படி ஒரு ஓட்டைத் திட்டத்தை ஒரு வாத்தியாரால்தான் போட முடியும். எனக்கு அவன் மேல் முதன்முறையாகப் பிரியம் வந்தது.

"போயிட்டு வரேன்" என்றேன் மனைவியிடம்.

"உக்காராதீங்க" என்றாள்.

ஏறினேன். அந்தப் பொந்தை ஒட்டித்தான் படிகள் போகின்றன. முதல் இருபது படி ஒன்றுமில்லை. முப்பதில் முட்டி கேள்வி கேட்டது. முப்பத்தைந்தில் பதிலும் அதுவே சொன்னது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. கதவு. முன்னும் பின்னும் யாருமில்லை. சாவியைப் போட்டேன். திறந்துகொண்டது.

உள்ளே ஒரு காஸ் சிலிண்டர். நாலு அட்டைப்பெட்டி பேப்பர் கப். ஒரு பால் கேன். மிச்சம் இருந்த இடம் ஒரு ஆள் நிற்க மட்டும். உட்கார நினைத்தாலும் முடியாது. பந்தயத்துக்கு அது ரொம்ப வசதி. எதிர்ச்சுவரில் ஒரு தகரப் பலகை. 'பாரம் மட்டும். ஆட்கள் ஏறக் கூடாது. பழுதானால் இன்ஸ்பெக்டர் வராமல் தொடக் கூடாது.' கீழே கையெழுத்து. நல்ல கையெழுத்து. என்னுடையது.

கதவைச் சாத்தினேன். பரிசோதனைப் பெட்டியைத் திறந்து பொத்தானை அழுத்தினேன். லிஃப்ட் ஒரு முனகல் முனகிக் கிளம்பியது. சுவர் கீழே போக ஆரம்பித்தது. நான் ஏறிக்கொண்டிருந்தேன், கால் வலிக்காமல். அந்த நிமிஷம் உலகத்தில் என்னைவிடப் புத்திசாலி யாரும் இல்லை.

அங்கே நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் எனக்கு ஒரு பழக்கம். லிஃப்ட் கிளம்பியதும் இரண்டு குதி குதிப்பேன். லிஃப்டுக்கு அடியில் இரண்டு இரும்புத் தாடை உண்டு. கயிறு ஒரு கணம் தளர்ந்தாலும், அறுந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்துத் தண்டவாளத்தைக் கடித்துக்கொள்ளும். லிஃப்ட் விழாது. குதித்தால் தாடை உயிரோடு இருக்கிறதா என்று காலுக்குத் தெரியும். முறைப்படி அதற்கு வேறு கருவி இருக்கிறது. கருவியை நம்புகிறவன் இன்ஸ்பெக்டர் இல்லை. முப்பத்தாறு வருஷம் ஏறிய லிஃப்டிலெல்லாம் குதித்திருக்கிறேன். வேண்டும் என்று குதிப்பதில்லை. கால் தானாகக் குதிக்கும்.

குதித்தது. ஒன்று. சரி.

இரண்டு.

'டக்' என்றது. லிஃப்ட் நின்றது. தாடை கடித்துவிட்டது. பத்தொன்பது வருஷம் கழித்தும் பிரமாதமாகக் கடித்தது. பரிசோதனையில் லிஃப்ட் தேறிவிட்டது.

பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை அழுத்தினேன். முனகல்கூட இல்லை. எல்லோரும் இப்படித்தான் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். அவர்களை முட்டாள்கள் என்று நான் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறேன். ஏழு முறை அழுத்தினேன்.

ஒரு பக்கம், கோபுரத்தின் வெளிச்சுவரில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பிளவு. அதன் வழியாக மலை தெரிந்தது. மலை என்றால் மலையில் மூன்று விரல். ஒரு மரத்தின் பாதி. ஏரி என்று நினைக்கிறேன், அல்லது யாருடைய தகரக் கூரையோ. இன்னொரு பக்கம் படிக்கட்டைப் பார்த்து ஒரு கம்பி வலை. அந்தப் பக்கம் கால்கள் மட்டும் போயின. உலகத்தை மேலிருந்து தலை தலையாகப் பார்த்துப் பழகியவன் நான். இப்போது செருப்பு செருப்பாகப் பார்த்தேன்.

"யாருப்பா அங்க?" என்றேன்.

இரண்டு ஜோடிச் செருப்பு நின்றது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். செருப்பைப் பார்த்தாலே தெரியும்.

"ஏங்க, சுவர் பேசுது" என்றாள் பெண்.

"காத்து" என்றான் கணவன்.

"காத்து இல்லப்பா, மனுஷன்" என்றேன்.

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும், காத்துதான்" என்றாள் பெண், அவனிடம். போய்விட்டார்கள். கணவன் சொல்வதை மனைவி ஏற்றுக்கொண்ட ஒரே நாள், எனக்கு உபயோகமில்லாத நாள்.

அரை மணி போயிற்று. நின்றபடியே இருந்தேன். பால் கேன் முட்டியில் இடித்தது.

பிறகு மேலிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது. தெரிந்த குரல். பின்னால் ஒரு கூட்டத்தின் காலடி. என்னைக் காணாத கல்வெட்டு உச்சியில் சும்மா நின்றிருக்கவில்லை. பார்க்க வந்தவர்களைப் பிடித்து வகுப்பு எடுத்திருக்கிறான்.

"...நூத்தி நாப்பது வருஷமா இந்தப் பொந்துக்குள்ள காத்து பூந்து பூந்து ஒரு விசித்திரமான ஒலி வரும். மனுஷன் பேசற மாதிரியே இருக்கும். நில்லுங்க, நில்லுங்க. காது குடுத்துக் கேளுங்க."

"டேய் மடையா!" என்றேன்.

"கேட்டுதா?" என்றான் கல்வெட்டு. கூட்டம் 'ஆகா' என்றது.

"மடையா, நான்டா!"

"பாருங்க, பாருங்க! காத்து வேகமானா இன்னும் தெளிவாக் கேக்கும்."

"டேய், உங்க அக்கா புருஷன்டா உள்ள இருக்கேன்! வெறும்பய மவனே!"

கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்: "சார், காத்து உங்களைத்தான் திட்டுதா?"

கல்வெட்டு குனிந்தான். கம்பி வலைக்கு அப்பால் அவனுடைய ஒற்றைக் கண் தெரிந்தது.

"அத்தான்? நீங்க எங்க அத்தான் இங்க?"

"சுத்திப் பார்க்க வந்தேன்! போய் அந்த மப்ளரைக் கூப்பிடு. உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லாதே."

முதலில் அக்காவிடம்தான் போய்ச் சொன்னான்.

கொஞ்ச நேரத்தில் கேன்வாஸ் ஷூ வந்து வலைக்கு வெளியே நின்றது. மூச்சு வாங்கவில்லை.

"ஏங்க."

"ம்."

"ஏன் குதிச்சீங்க?"

"நான் குதிச்சேன்னு உனக்கு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? எனக்கு இடுப்பு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, அந்த லிஃப்ட்லயே ரெண்டு குதி குதிச்சீங்க. நர்ஸ் உங்களைப் பைத்தியம்னு நினைச்சா."

"அந்தத் தாடை நல்லாத்தான் இருந்தது."

"இந்தத் தாடையும் நல்லாத்தான் இருக்கு போல."

"பேச்சை விடு. எப்படி நான் லிஃப்ட்ல இருப்பேன்னு..."

"நேத்து 'சரி'ன்னு சொன்னீங்களே. நீங்க வாழ்க்கையில ஒரு படி ஏறச் சம்மதிச்சதில்லை. இருநூத்திப் பன்னிரண்டுக்கு ஒரே நிமிஷத்துல சம்மதிச்சீங்க. சாவிப் பெட்டியை வேற உருட்டினீங்க. இந்தக் கோபுரத்து லிஃப்டைப் பத்தி எத்தனை தடவை சாப்பாட்டுல சொல்லியிருக்கீங்க!"

நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு பார்க்க ஒன்றுமில்லை.

மப்ளர் வந்து சேர்ந்தான். அவனுக்குக் கோபம்.

"யாரு சார் உள்ள ஏறச் சொன்னது? ஆட்கள் ஏறக் கூடாதுன்னு போர்டு இருக்கே!"

"அந்தப் போர்டைப் போட்டவனே நான்தான்யா. கையெழுத்தைப் பாரு."

"கையெழுத்து இருக்கு சார். ஆனா ஏறக் கூடாதுன்னு எழுதினவர் ஏறுவாரா? நீங்க யாரோ. இன்ஸ்பெக்டர் பேரைச் சொல்லி ஏமாத்தறீங்க."

"சரி, நான் யாரோ. வெளிய எடு."

"பழுதானா இன்ஸ்பெக்டர் வராம தொடக் கூடாது. அதுவும் போர்டுல இருக்கு."

"இன்ஸ்பெக்டர் வந்தாச்சுய்யா! உள்ள நிக்கறேன்!"

"இன்ஸ்பெக்டர்னா வெளியேருந்து வரணும் சார்."

சட்டம் தெரியாதவனோடு பேசலாம். என் சட்டத்தையே எனக்குச் சொல்கிறவனோடு என்ன பேசுவது?

"இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போன் போட்டேன்மா" என்றான் என் மனைவியிடம். "ஞாயித்துக்கிழமை லீவு. நாளைக்கு மத்தியானம் வர்றாங்களாம்."

"சரிங்க, காத்திருக்கலாம்" என்றாள் அவள். "ஆனா ஒண்ணு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இவர் உள்ளேருந்து பேசிக்கிட்டே இருப்பார். நிறுத்தவே மாட்டார். நான் கீழ போயிடுவேன். இங்க நிக்கப்போறது நீங்கதான். உங்களால தாங்க முடியுமா?"

மப்ளர் ஐந்து வினாடி யோசித்தான்.

"மேல வாங்கம்மா. மெஷின் ரூமைத் திறக்கறேன்."

"ஏன் மேல போகணும்?" என்று கல்வெட்டு நடுவில் புகுந்தான். "பாரம் கீழதானே வரும்? அப்படியே கீழ இறக்கிடலாம். சரித்திரத்துல பார்த்தீங்கன்னா..."

"கீழ இறக்கினா தாடை இன்னும் இறுக்கிக் கடிக்கும். முதல்ல கொஞ்சம் மேல தூக்கணும். அப்பத்தான் விடும்."

அந்த வாக்கியம் என்னுடையது. ஒரு எழுத்து மாறவில்லை. 'இன்னும் இறுக்கி' என்று சொல்லும்போது நான் ஆள்காட்டி விரலை ஆட்டுவேன். அவளும் ஆட்டியிருப்பாள். வலையில் தெரியவில்லை.

ஷூ மேலே போனது. நிற்காமல் போனது. நான் காது கொடுத்து எண்ணினேன். எங்காவது நிற்பாள் என்று பார்த்தேன். நிற்கவில்லை. உட்காரவும் இல்லை. பின்னால் மப்ளர் இருமிக்கொண்டு போனான். அவன் இரண்டு இடத்தில் நின்றான்.

மேலே கதவு திறந்தது. பொந்து வழியாக எல்லாம் கேட்டது.

"மெயின் சுவிட்சை அணைச்சிட்டீங்களா?"

"அணைச்சிட்டேன்மா."

"இன்னொரு தடவை பாருங்க. அணைச்சிட்டேன்னு சொல்றவங்களை நம்பக் கூடாதாம்."

"அணைஞ்சிருக்கும்மா."

"இப்ப அந்த பிரேக் கைப்பிடியை இழுத்துப் பிடிங்க. நான் சக்கரத்தைச் சுத்தறேன். நான் விடுங்கன்னா விட்டுடணும். உடனே."

"உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

"சாப்பாட்டு மேஜையில படிச்சேன்."

லிஃப்ட் அரை அங்குலம் உயர்ந்தது. அடியில் தாடை 'டொக்' என்று வாயைத் திறந்தது. சரியான வேலை. என் கீழே வேலை பார்த்த ஒன்பது உதவியாளர்களில் ஒருவன்கூட முதல் தடவையில் இதைச் செய்ததில்லை. சொல்ல வேண்டிய விஷயம், சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

பிறகு சுவர் மெதுவாகக் கீழே போக ஆரம்பித்தது. ஒரு சுற்றுக்கு நாலு விரல். காஸ் சிலிண்டர், பால் கேன், பேப்பர் கப், நான். எல்லாச் சரக்கும் பத்திரமாக மேலே வந்தது.

கதவு திறந்தது. வெளியே முப்பது பேர். கைதட்டினார்கள். டீக்கடைக்காரர் மட்டும் என்னைத் தள்ளிவிட்டுப் பால் கேனை எடுத்தார்.

பத்துப் படி ஏறி உச்சிக்கு வந்தேன். மூன்று பள்ளத்தாக்கு, இரண்டு ஏரி என்றான் அல்லவா? மேகம் மூடியிருந்தது. எல்லாப் பக்கமும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. அந்த வெள்ளையை ஆளாளுக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றாள். உள்ளங்கையில் சக்கரத்துக் கிரீஸ். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை சாமான் இறக்கணும்" என்றாள்.

நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். பெட்டிக்குள் ஒன்றே கால் மணி நேரம் சும்மா நின்றேன் என்றா நினைத்தீர்கள்?

"எதுக்கு இறக்கணும்? பந்தயம் என்ன? டேய் கல்வெட்டு, நோட்டைப் படி."

படித்தான். "'அத்தான், உட்காராமல் உச்சிக்கு வருதல். வந்தால் மூன்றாவது மாடி.'"

"உச்சிக்கு வந்தேனா?"

"வந்தீங்க."

"நடுவுல உட்கார்ந்தேனா?"

"உக்கார எடமில்லையே அத்தான்."

"உட்கார்ந்தேனா, இல்லையா?"

"இல்லை."

"படியிலதான் வரணும்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

அவன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இல்லை, அத்தான்."

"அப்ப ஜெயிச்சது யாரு?"

கல்வெட்டு அக்காவைப் பார்த்தான். அக்கா மேகத்தைப் பார்த்தாள்.

"நீங்கதான்" என்றாள். "ஒத்துக்கறேன். சொன்ன சொல்லு சொன்னதுதான். நீங்க மூணாவது மாடியிலேயே இருங்க."

எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் இவ்வளவு சுலபமாகத் தோற்று நான் பார்த்ததில்லை.

"நான் கீழ்வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

"என்னது?"

"வியாழக்கிழமையே வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டேன், கீழ்வீடு எனக்குன்னு. நீங்க எங்க இருக்கணும்னுதானே பந்தயம்? நான் எங்க இருக்கணும்னு யாரும் பந்தயம் கட்டலையே. டேய், நோட்டைப் பாருடா."

கல்வெட்டு பார்த்தான். "அக்கா பத்தி ஒண்ணும் எழுதலை, அத்தான்."

"ரெண்டு வீடு எதுக்குடி நமக்கு?"

"உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"சாப்பாடு?"

"கீழதான். அடுப்பு என்கூட வருது. மூணு வேளையும் சுடச்சுட இருக்கும். இறங்கி வாங்க, சாப்பிடுங்க, ஏறிக்கோங்க. முட்டிக்குத்தான் ஒண்ணுமில்லையே."

எங்கள் மாடிக்கு ஐம்பத்து நாலு படி. மூன்று வேளைக்கு நூற்று அறுபத்திரண்டு. மனதில் போட்டுப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டால் முடியும். இந்தத் தாடையும் கடிக்கும்.

"சாயங்காலம் காபி?" என்றேன்.

"அதுவும் கீழதான்."

இருநூற்றுப் பதினாறு. இந்தக் கோபுரத்தைவிட நாலு படி அதிகம். தினமும். ஞாயிற்றுக்கிழமை உட்பட.

காற்று அடித்தது. ஒரு பக்கம் மேகம் கொஞ்சம் விலகியது. பள்ளத்தாக்கில் ஒரு துண்டு தெரிந்தது. பச்சை. அதன் நடுவில் ஒரு வீடு, ஓடு போட்டது, தரையோடு தரையாக. வாசலில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொருவர் நின்று அவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். சௌக்கியமா என்றுதான் கேட்டிருப்பார். உட்கார்ந்தவர் பதில் சொல்லித் தொலைத்தார்.

"நல்லா இருக்குல்ல?" என்றாள் என் மனைவி.

"என்ன நல்லா இருக்கு? ஓடு சரியா மேயலை" என்றேன்.

அப்போது மப்ளர் ஒரு பழைய பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். லிஃப்ட் நின்றால் பூர்த்தி செய்தே ஆக வேண்டிய படிவம். விட்டால் அவன் வேலை போய்விடும். அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"நீங்களே எழுதிடுங்க சார். எனக்குக் கட்டம் புரியலை."

டீக்கடை மேஜையில் வைத்து எழுதினேன். என் மனைவி ஒரு தோளுக்கு மேல். கல்வெட்டு இன்னொரு தோளுக்கு மேல்.

பழுதின் விவரம்: தாடை கடித்தது. காரணம்: பரிசோதனை.

"குதிச்சதுன்னு எழுதுங்க" என்றாள்.

குதித்தது என்று எழுதினேன்.

பழுதை நீக்கியவர் முகவரி: மூன்றாவது மாடி என்று ஆரம்பித்தேன்.

"யாரோட முகவரி அது?" என்றாள்.

அடித்தேன். தரைத்தளம் என்று எழுதினேன்.

அடுத்த கட்டம், உள்ளே சிக்கியவர் முகவரி. பேனா நின்றது. இருநூற்றுப் பதினாறு என்ற எண் காகிதத்தில் எழுதாமலே தெரிந்தது. முட்டி மேஜைக்கு அடியில் விண் விண் என்று தெறித்தது.

'மேற்படி' என்று எழுதினேன். சின்ன எழுத்தில்.

அவள் ஒரு டீயை என் பக்கம் நகர்த்தினாள். பெஞ்சைக் காலால் இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன்.

"சார், ஒரு கட்டம் பாக்கி இருக்கு" என்றான் மப்ளர். "பழுதை நீக்கினவங்க பேரு எழுதலை. அதைக் காலியா விட்டா ஆபீசுல ஒத்துக்க மாட்டாங்க."

வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். எழுதினேன்.

பழுதை நீக்கியவர்: கீழ்வீட்டம்மா.